ஊருணிக்குள் விழுந்த கருவாட்டு லாரி

இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது. எனக்குக் கல்யாணமான மறுவருஷம், ஐம்பத்தெட்டு வாக்கில், கட்டுமாவடியிலிருந்து கீரமங்கலம் சந்தைக்குக் கருவாடு ஏற்றிப்போன லாரி எங்கள் ஊர் ஊருணிக்குள் விழுந்தது. ஊருணிக்கரைதான் அங்கே ரோடு. கரை சரிந்ததும் லாரி ஒருக்களித்து உள்ளே போய் மூழ்கிவிட்டது. டிரைவர் நீந்திக் கரையேறிவிட்டார்.

கோடைக்கு ஊருக்கே அந்த ஒரு தண்ணீர்தான். குடிக்கிற தண்ணீர் என்பதால் அதில் யாரும் கால் வைக்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. எங்கள் தெருக்காரர்கள் கையைக்கூட வைக்கக் கூடாது. குடத்தோடு கரையில் நிற்போம். யாராவது மனசு வைத்து மொண்டு ஊற்றினால் உண்டு, இல்லாவிட்டால் வெறுங்குடத்தோடு திரும்ப வேண்டியதுதான்.

மூட்டைகளை உடனே எடுக்காவிட்டால் கருவாடு ஊறித் தண்ணீர் நாறிப்போகும். அது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் யார் இறங்குவது? ஊர்த்தெருக்காரர்கள் இறங்கினால் கட்டு போய்விடுமாம். நாங்கள் இறங்கினால் தீட்டாம். கோயில் வாசலில் உட்கார்ந்து பேசினார்கள், பேசினார்கள், வெயில் உச்சிக்கு ஏறும்வரை பேசினார்கள். கூறுகெட்ட ஜென்மங்கள்! அங்கிட்டுத் தண்ணீரில் எண்ணெய்ப் படலம் கட்டிக்கொண்டிருந்தது. கடைசியில், எங்கள் ஆட்களே இறங்கட்டும், பிறகு மஞ்சள்தண்ணீர் தெளித்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தார்கள்.

என் வீட்டுக்காரரும் கொழுந்தனாரும் கிணறு தூர்வாரி முங்கிப் பழகியவர்கள். மூச்சைப் பிடித்து உள்ளே போய், தார்ப்பாயை அறுத்து, ஓலைப்பாய் மூட்டைகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் கட்டிவிட்டார்கள். கரையில் நின்றவர்கள் இழுத்துப் போட்டார்கள். பிறகு லாரியின் அச்சில் சங்கிலி மாட்டி, ஊரிலிருந்த உழவுமாடுகளையெல்லாம் பூட்டி இழுத்தார்கள். லாரி வெளியே வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. என் வீட்டுக்காரர் கண் இரண்டும் செக்கச்செவேலென்று, உள்ளங்கை கிழிந்து வந்தார். வலிக்கிறதா என்று கேட்க ஒரு நாதி இல்லை.

விடிந்ததும் மஞ்சள்தண்ணீர் தெளித்தார்கள். ஊரே வந்து மொண்டு, அங்கேயே இரண்டு வாய் குடித்துப் பார்த்து, பரவாயில்லை என்று சொல்லிவிட்டுப் போனது. நானும் குடத்தோடு நின்றேன். யாரும் ஊற்றவில்லை. இப்போதுதான் தெளித்திருக்கிறது, நாளைக்குப் பார்க்கலாம் என்றார்கள். அங்கே வீட்டில் அவர் காய்ச்சலில் தண்ணீர் கேட்டுக் கிடக்கிறார். எனக்கு வந்ததே ஒரு ஆத்திரம்! விறுவிறுவென்று படியிறங்கிக் குடத்தை அமுக்கினேன்.

ஊர்ப்பெரியவர் ஒருவர் ஓடி வந்து, தண்ணீரைக் கெடுத்துவிட்டாயே, இனி எப்படிக் குடிப்பது என்று கத்தினார்.

“நேத்துப் பூரா எங்க வீட்டுக்காரரு இதுக்குள்ளதான் முங்கிக் கெடந்தாரு. விடிஞ்சதும் அதைத்தான் நீங்க குடிச்சீங்க,” என்றேன்.

குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தேன். அன்றைக்கே எங்கள் தெருவுக்கு வயல்வேலை கிடையாது என்று தண்டோரா போட்டார்கள். போடட்டும். மறுநாளும் நானே இறங்கி மொண்டேன்.