நான் பாஸ் போட்ட ரத்தப் பரிசோதனை

என் மனைவியின் ரத்தப் பரிசோதனை முடிவை மருத்துவரிடம் காட்ட விடாமல், நானே படித்துத் தீர்ப்புச் சொன்னேன். எங்களுக்குக் குழந்தை வாய்த்திருக்கக்கூடிய ஆண்டுகள் அதில் போயின. தேற்ற வருகிறவர்கள் இதை விதியின் மேல் போட வேண்டாம். செய்தவன் நான்.

எண்பதுகளின் பிற்பகுதியில், ஆவடி தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளனாக இருந்தேன். குவார்ட்டர்ஸில் குடியிருந்தோம். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். கடைசல் முடிந்து வரும் உருப்படியை அளந்து, அளவு வரம்புக்குள் இருந்தால் பாஸ் போடுவோம். ஒரு நூல் கூடக்குறைய இருந்து, அதனால் கெடுதல் வராது என்று தோன்றினால் 'கன்செஷன்' என்று எழுதிக் கையெழுத்திடுவோம். அதுவும் வண்டியில் ஏறிவிடும்.

கல்யாணமாகிச் சில ஆண்டுகள் கழித்தும் குழந்தை இல்லை. அவளுக்கு எந்நேரமும் அசதி, மாதவிலக்கில் மிகுந்த ரத்தப்போக்கு. பூந்தமல்லியில் ஒரு பெண் மருத்துவர் ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். முடிவை வாங்கி வந்தவன் நான். தைராய்டு சோதனையில் ஓர் அளவு, அச்சிட்டிருந்த வரம்புக்குச் சற்று மேலே. ஹீமோகுளோபின் சற்றுக் கீழே. இரண்டுக்கும் மனத்துக்குள் கன்செஷன் போட்டேன். எல்லாம் நார்மல், மறுபடி மருத்துவரிடம் போக வேண்டியதில்லை என்று அவளிடம் சொன்னேன். சேக்காட்டில் இருந்த என் அக்காவிடம், டெஸ்டில் ஒன்றுமில்லை, அவளுக்குச் சோம்பல்தான் என்றேன். அக்கா அதை உறவு முழுக்கப் பரப்பினாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்துக்கொண்டு, என்னிடம் சொல்லாமல் அவளே பஸ் ஏறிப் போனாள். மருத்துவர் மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்து விளக்கியிருக்கிறார். அந்தச் சோதனையில் அளவு கூடினால் தைராய்டு மந்தம் என்று அர்த்தம்; அதனால் ரத்தப்போக்கு அதிகமாகலாம். அப்படிப் போகப் போக உடம்பில் சேர்த்து வைத்த இரும்புச்சத்து தீர்ந்துவிடும். பிள்ளைக்கு முயல்கிறவர்களுக்கு இந்த அளவுகளை இன்னும் கறாராகப் பார்க்க வேண்டும். தனித்தனியாகச் சின்னதாகத் தெரிந்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். தைராய்டு மாத்திரை காலையில் வெறும் வயிற்றில். இரும்பு மாத்திரை அதிலிருந்து பல மணி நேரம் தள்ளி, டீ காபியோடு சேராமல்.

வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என்னிடம் சொல்லி முடித்து, "உங்க மெஷினுக்குக் கன்செஷன் குடுத்துக்கோங்க. என் உடம்புக்குக் குடுக்க நீங்க யாருங்க?" என்றாள்.

மருத்துவர் என்னையும் பரிசோதனைக்கு அழைத்திருந்தார். போனேன். என்னிடம் குறை இல்லை என்று வந்தது. அதில் சந்தோஷப்பட எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகு அக்கா மகளுக்கு வளைகாப்பு. என் மனைவி வளையலைக் கையில் எடுத்தபோது அக்கா தடுத்தாள்.

"நீ அப்பால நில்லும்மா. புள்ள பெத்தவங்க மொதல்ல போடட்டும்."

கூடம் நிறைய உறவுக்காரர்கள். நான் எழுந்து நின்றேன்.

"அக்கா, அவளுக்கு வியாதி இருந்துச்சு, அதுக்கு மருந்தும் இருந்துச்சு. டாக்டராண்ட காட்ட வுடாம, ஒண்ணுமில்லன்னு சொன்னது நான். சோம்பல்னு உன்னாண்ட சொன்னதும் பொய்."

"இன்னாடா நைனா, பொண்டாட்டி மானத்தக் காப்பாத்த உன் மானத்த வித்துக்கினு கீற?"

"என்னுதுதானே, வித்துட்டுப் போறேன்."

என் மனைவி முன்னால் போய் அந்தப் பெண்ணின் கையில் வளையல் போட்டாள். யாரும் தடுக்கவில்லை. அக்கா அதன்பின் நெடுங்காலம் எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை. நானும் கூப்பிடவில்லை.

அளவுகள் சீராயின. மூச்சு வாங்காமல் மாடிப்படி ஏறினாள். குழந்தை வரவில்லை. முன்பே மருந்து தொடங்கியிருந்தால் பிறந்திருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்தச் சந்தேகத்தின் பின்னால் நான் ஒளிந்துகொள்ள மாட்டேன்.

இன்றும் கல்யாண வீடுகளில் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று அவளைக் கேட்டால், முந்திக்கொண்டு நானே முழுக்கதையும் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் நெளிவார். அவள் என்னை மன்னித்துவிட்டதாக ஒருநாளும் சொன்னதில்லை. "போதும், பந்தி போட்டாச்சு, வாங்க" என்று மட்டும் சொல்வாள்.