மூன்றாவது முறை கை தூக்கும்போது

குஸ்தி எல்லாம் நடிப்பு என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். சொல்பவர் முகத்தில் பெரிய ரகசியத்தைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு சிரிப்பு இருக்கும். அதைத்தான் தாங்க முடியாது. மற்றபடி கோபமோ அழுகையோ எனக்கு அவ்வளவு சுலபத்தில் வருவதில்லை. சாவு வீட்டுக்குப் போனாலும் மாலையை வைத்துவிட்டு, வீடு திரும்ப வேண்டிய வந்தவாசி பஸ் போய்விட்டதோ என்று யோசிக்கிற ஆள் நான்.

எண்பதுகளின் நடுவில், ஆரணியில் எங்கள் தெருவில் கலர் டிவியும் கேசட் போட்டுப் பார்க்கும் டெக்கும் இருந்தது எதிர் வீட்டுப் பாயம்மாவிடம் மட்டும்தான். அவருடைய தம்பி துபாயில் இருந்தார். அங்கே டிவியில் ஓடும் குஸ்தியைக் கேசட்டில் பதிந்து, ஊருக்கு வரும்போது கொண்டுவருவார். விளம்பரங்களும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். ஒருவன் இன்னொருவனைத் தலைக்கு மேல் தூக்கி நிற்கும்போது திடீரென்று ஒரு பெண் வந்து பால் பவுடர் டப்பாவைக் காட்டி அரபியில் பேசுவாள். அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குத் தெரியாது. ஆனால் அவளோடு சேர்ந்து நாங்களும் சொல்வோம்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் தெருப் பிள்ளைகள் எல்லாம் பாயம்மா வீட்டுக் கூடத்தில் கூடிவிடுவோம். பெரியவர்களில் என் அம்மா மட்டும் வருவாள். வாரம் முழுக்க ராட்டையின் முன்னால் உட்கார்ந்து, தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் வைக்கும் குச்சிகளில் பட்டு நூலைச் சுற்றிக்கொண்டிருப்பவள். அப்பா தறியிலிருந்து கை நீட்டும்போது குச்சி தயாராக இருக்க வேண்டும். வீட்டில் அவள் குரல் அடுத்த அறைக்குக் கேட்காது. குஸ்தி போட்டுவிட்டால் அதே அம்மா தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவாள்.

"டேய் அம்பயரு, கண்ண மூடிக்கினா நிக்கிற? பின்னால பார்றா, அவன் கட்டையால அடிக்கிறான்!"

"அக்கா, அவருக்குத் தமிழ் தெரியாதுக்கா" என்று பாயம்மா சிரிப்பார்.

"கண்ணு தெரியும் இல்ல?" என்பாள் அம்மா.

எல்லாப் பிள்ளைகளும் மஞ்சள் முடி வைத்த பயில்வானின் கட்சி. அம்மா மட்டும் பச்சை டவுசர்காரரின் கட்சி. தொந்தியும் வழுக்கையுமாக, கடைத்தெருவில் மூட்டை இறக்குகிறவர் மாதிரி இருப்பார் அவர். அடி வாங்குவதுதான் அவர் வேலை. ஒரே ஒரு கேசட்டில் ஜெயித்திருந்தார். அந்தச் சண்டையில் எதிராளி பின்னாலிருந்து அவர் கழுத்தை முழங்கையில் வளைத்து இறுக்குவான். பச்சை டவுசர்காரர் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிந்து, கண் செருகி, மடங்கி உட்கார்ந்துவிடுவார். நடுவர் வந்து அவர் கையைத் தூக்கி, பிடியை விடுவார். கை தொப்பென்று விழும். இரண்டாவது முறை தூக்குவார், மறுபடி விழும். மூன்றாவது முறையும் விழுந்தால் ஆள் தோற்றுப்போனதாக அர்த்தம். மூன்றாவது முறை கை பாதியில் நின்றுவிடும். விரல்கள் மடங்கி நடுங்கும். கூட்டம் எழுந்து கத்தும். அவர் எழுந்துவிடுவார்.

அந்தக் கேசட்டை எத்தனை முறை பார்த்திருப்போம் என்று கணக்கே இல்லை. அப்படியும் அந்த இடம் வந்ததும் அம்மா என் தொடையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள்.

"எழுந்துக்குவானா?"

"போன வாரம் எழுந்தான் இல்லம்மா."

"அது போன வாரம்" என்பாள்.

அப்பா ஒருநாளும் பாயம்மா வீட்டுக்கு வந்ததில்லை. "எல்லாம் செட்டப்பு. முன்னாடியே பேசி வெச்சிக்கினு அடிச்சிக்கிறானுங்க" என்பார். அம்மா எதிர்த்துப் பேசியதாக எனக்கு நினைவிருப்பது இந்த ஒரு விஷயத்தில்தான். "பேசி வெச்சிக்கினு வுழுந்தா மட்டும் வலிக்காதா? மேடைப் பலகை சத்தம் கேக்குதே" என்றாள். அப்பா தறியை மிதிக்க ஆரம்பித்துவிட்டார்.

குஸ்தி எங்கள் மூளையில் அப்படி ஏறியிருந்தது. காலையில் தறியில் ஏற்றுவதற்கான பட்டு இழைகளைத் தெருவின் நீளத்துக்குப் பாவாக நீட்டிக் கட்டியிருந்தால், என் கண்ணுக்கு அது ரிங்கின் கயிறாகத்தான் தெரியும். ஒருநாள் ஓடிப்போய் அதில் முதுகைச் சாய்த்துத் துள்ளித் திரும்பப் பார்த்தேன். முதுகு பட்ட இடத்தில் இழைகள் அறுந்து தொங்கின. அப்பா கையை ஓங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டோடு இருந்த அத்தை, அப்பாவின் அக்கா, "பொட்டப் புள்ளைக்கு குஸ்தி இன்னாத்துக்கு? தாயப் போல பேஜாரு" என்றாள். அம்மா குறுக்கே வந்து நின்றுகொண்டாள். பிறகு உட்கார்ந்து, வெயில் ஏறும்வரை அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக முடிந்தாள். முடிந்துகொண்டே என்னிடம் மெல்லக் கேட்டாள், "முதுகு நல்லா எகிறிச்சா?"

அன்று சாயங்காலம் அவளுக்குத் தலைவலி வந்தது. தலைவலி அதற்கு முன்பே இருந்ததுதான். வந்தால் புடவைக் கிழிசலை நெற்றியில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, ராட்டை பக்கத்திலேயே தரையில் படுத்துவிடுவாள். வெளிச்சம் ஆகாது. சில நாள் வாந்தி எடுப்பாள். அப்பா கம்பவுண்டரிடம் மாத்திரை வாங்கிக் கொடுத்திருந்தார். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அத்தைக்கு எல்லாம் தெரியும்.

"வேல வந்தா கூடவே வலியும் வந்துடுது இவளுக்கு. குஸ்தி பாக்கறப்ப மட்டும் அந்த வலி எங்க போவுது? நல்லா நடிக்கிறா."

அப்பா ஆமாம் என்றும் சொல்லமாட்டார், இல்லை என்றும் சொல்லமாட்டார். அம்மாவுக்கு அது காதில் விழும். கண்ணைத் திறக்கமாட்டாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து அவள் கையைத் தூக்கி விடுவேன். விழும். மறுபடி தூக்குவேன். விழும். மூன்றாவது முறை கை பாதியில் நின்று விரல்கள் நடுங்கும். நெற்றித் துணியோடு எழுந்து உட்கார்ந்து, "எங்க அவன்?" என்பாள். பிறகு உலை வைக்கப் போவாள். அது எங்கள் இரண்டு பேருக்குமான விளையாட்டு. எழுந்திருக்க முடிந்ததால் எழுந்தாளா, நான் கையைத் தூக்கியதால் எழுந்தாளா என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தேன். அப்பா தறியில் இருந்தார். அத்தை அரிசி களைந்துகொண்டே, "உங்கம்மா நடிக்க ஆரம்பிச்சுட்டா. ஜல்தி எழுப்பு, அடுப்பப் பத்த வெக்கணும்" என்றாள். அம்மா ராட்டை பக்கத்தில் படுத்திருந்தாள். நூல் அறுபடாமல் குச்சியில் பாதி ஏறியிருந்தது. நான் புத்தகப் பையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கையைத் தூக்கி விட்டேன்.

விளையாட்டில் அம்மா கொஞ்சம் ஏமாற்றுவாள். கை தரையில் மோதும் முன் மணிக்கட்டை லேசாகத் திருப்பி, வலிக்காமல் விழவைப்பாள். அது எனக்குத் தெரியும். அன்றைக்குக் கை திரும்பவில்லை. எலும்பு தரையில் பட்ட சத்தம் கேட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. பக்கத்து அறையில் தறி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாவது முறை தூக்கினேன். விடவில்லை.

அத்தை வந்து பார்த்துக் கத்தினாள். தறி நின்றது. யார் யாரோ வந்தார்கள். "கைய விடும்மா, விடு கண்ணு" என்றார்கள். நான் விடவில்லை. எனக்கு அப்போது துக்கம் ஒன்றும் இல்லை, பயமும் இல்லை. தோள்பட்டை மட்டும் வலித்தது. கடைசியில் அப்பா வந்து உட்கார்ந்து, என் விரல்களைப் பிரித்து, அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

நான் அழவில்லை. புள்ள அழ மாட்டேங்குது, நெஞ்சு அடைச்சுக்கும், அடிச்சாவது அழ வையுங்க என்று பெண்கள் சொன்னார்கள். அத்தைதான் எல்லோரையும்விட அதிகம் அழுதாள். அது நடிப்பு என்று நான் சொல்லமாட்டேன். யாருடைய வலியையும் பார்த்து அப்படிச் சொல்ல எனக்கு வராது.

கருமாதி முடியும்வரை பாயம்மா டிவி போடவில்லை. அதற்கு அடுத்த ஞாயிறு அவரே வந்து என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். அந்தக் கேசட்டைத்தான் போட்டார், வேண்டுமென்றேவா தெரியாமலா என்று நான் கேட்கவில்லை. பிள்ளைகள் என் பக்கத்தில் அம்மா உட்காரும் இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

பச்சை டவுசர்காரர் சரிந்துகொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது. அப்பா நின்றிருந்தார். பாயம்மா எழுந்து முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "வாங்கண்ணே" என்றார். அப்பா நாற்காலி வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். அவர் குஸ்தி பார்ப்பது அதுதான் முதல் தடவை. நடுவர் கையைத் தூக்கினார். விழுந்தது. மறுபடி தூக்கினார். விழுந்தது.

அப்பா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் என் பக்கம் சாய்ந்தார்.

"எழுந்துக்குவானா?"

"எழுந்துக்குவான்பா. பாரு."

கை பாதியில் நின்றது. விரல்கள் மடங்கி நடுங்கின. கூட்டம் கத்தியது. அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவர் உடம்பு குலுங்குவது என் மேல் பட்டது. பால் பவுடர் டப்பாவோடு அந்தப் பெண் வந்தாள். அவள் பேசி முடிக்கும்வரை நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.