பௌர்ணமியில் எடுத்த படம்

அருணாதேவியை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவுக்குக் குடிவந்த முதல் வாரமே என் கடையில் நாலு இட்லி வாங்கித் தின்றுவிட்டு, "சாம்பார்ல புளி ஜாஸ்தி" என்றாள். கிரிவலப் பாதையில் இருபது வருஷமாகக் கடை போடுகிறேன். எங்கிருந்தெல்லாமோ வருகிறவர்கள் தட்டைத் துடைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அம்மா, கை மணம்" என்று சொல்லிப் போகிறார்கள். இவளுக்குப் புளி ஜாஸ்தியாம்.

கீழ்பென்னாத்தூர்க்காரி. அப்பாவுக்கு வேர்க்கடலை போடுகிற நிலம். அந்தப் பக்கம் போர் போடுவதற்கு முன்னால் ஒருவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால் அடியில் தண்ணீர் இருக்கிறதென்று அர்த்தம். பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே இவள் அந்த மனிதரிடம் போய், "கண்ணக் கட்டிக்கினு இன்னொரு தபா நடங்க, அதே எடத்துல நிக்குதான்னு பாக்கலாம்" என்றாளாம். அப்பா முதுகில் நாலு வைத்தார். அதை இவளே என்னிடம் பெருமையாகச் சொன்னாள். அடி வாங்கியும் அடங்காமல், பூமிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற படிப்பையே படித்து, வேங்கிக்காலில் ஒரு தனியார் சர்வே ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தாள். புருஷன் எழில் மினி பஸ் ஓட்டுகிறவன், தங்கமான பையன். தெருவின் மேல்முனையில், மலை அடிவாரத்தை ஒட்டி, என் வீட்டுச் சுவரோடு சுவராக இருந்த வீட்டை இருவரும் வாங்கினார்கள். என் தலையெழுத்து.

ஒருநாள் கறிவேப்பிலை கேட்கப் போனபோது அவள் வேலையைப் பார்த்தேன். தரையில் இரும்புத் தகட்டை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடிப்பார்களாம். வரிசையாகக் குத்தி வைத்த ஆணி போன்ற கருவிகள் அந்த அதிர்வை வாங்கி எண்களாகப் பதிந்துகொள்ளுமாம். அந்த எண்களைப் படமாக்குவது இவள் வேலை. மவுஸைத் தொடவே இல்லை. கருப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினாள். எந்தப் பதிவு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, எவ்வளவு கருப்பு, எல்லாம் அந்த வரியிலேயே இருக்கிறது என்றாள். என்டரைத் தட்டியதும் படம் வந்தது. "தீஞ்சுபோன தோசைக்கல்லச் சொரண்டுன மாதிரி கீது" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

போன வருஷம் ஐப்பசி மழையில் மலைச் சரிவிலிருந்து மண்ணும் கல்லும் இறங்கி எங்கள் வீடுகளுக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றன. அண்ணாமலையார் புண்ணியத்தில் ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். வீடுகளுக்கு அடியில் கெட்டிப் பாறை பக்கத்திலேயே இருந்தால் மேலே தடுப்புச்சுவர் கட்டித் தருகிறோம், நீங்கள் இருக்கலாம். பழைய சரிவு மண்தான் ஆழமாக இருக்கிறதென்றால் காலி செய்ய வேண்டும் என்றார்கள். புருஷன் போன பிறகு மாவாட்டி மாவாட்டிக் கட்டிய வீடு அது. வீடு பக்கத்தில் இருப்பதால்தான் பாதையில் கடை ஓடுகிறது; வீட்டை விட்டால் கடையும் போச்சு.

அளக்கிற வேலை அருணாதேவியின் ஆபீசுக்கே வந்தது. இவள் வீடும் அந்த வரிசையில் இருந்ததால் இவளை விலக்கிவிட்டு, ஆபீசில் இவளுக்கு மேல் பதவியில் இருந்த சரவணகுமாரை அனுப்பினார்கள். உள்ளூர்ப் பையன், நாலு பேரை மதிக்கத் தெரிந்தவன். ஆட்டோ ஸ்டாண்டு மண்ணாங்கட்டி அண்ணன், "நல்ல காரியம், பௌர்ணமியில ஆரம்பிங்க" என்றார். நானும் சொன்னேன். அவனும் சரியென்றான். சுத்தியலுக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி ஆரம்பித்தார்கள். மத்தியானத்துக்குமேல் கிரிவலக் கூட்டம் ஆரம்பித்தபோதும் அவர்கள் அடித்துக்கொண்டே இருந்தார்கள். படம் வந்தது. தெரு நீளத்துக்கும், தரையிலிருந்து கொஞ்சம் கீழே, மை தீட்டினாற்போல ஒரு கருப்புப் பட்டை. "பாறை" என்றான் சரவணகுமார். பிள்ளையார் கோயிலில் பொங்கல் வைத்தோம்.

பொங்கலைத் தொன்னையில் வாங்கிக்கொண்டிருக்கும்போது அருணாதேவி லேப்டாப்போடு வந்து நின்றாள்.

"இந்தப் படம் செல்லாது" என்றாள். "சுத்தியல் விழறதுக்கு முந்தின அர நொடியும் பதிவுல கீது. அப்ப தரை சும்மா இருக்கணும், படம் வெள்ளையா இருக்கணும். பாருங்க."

வரியில் ஒரு எண்ணை மட்டும் மாற்றித் தட்டினாள். அதே படம்தான், மேலே கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தது. அந்த இடம் முழுக்கக் கீறலும் கிறுக்கலும்.

"இது இன்னா?" என்றார் மண்ணாங்கட்டி அண்ணன்.

"காலு. லட்சம் பேர் நடந்த காலு. அந்தச் சத்தத்துல சுத்தியல் சத்தம் எங்கன்னே தெரியல. இவர் மேல் பக்கத்த வெட்டிட்டு, கருப்ப ஏத்தி வச்சிருக்காரு. பாறை மாதிரி தெரியுது. பாறையான்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது."

சரவணகுமாருக்கு முகம் செத்துவிட்டது. "எல்லாரும் வெட்டறதுதான் அருணாதேவி. பாக்க அசிங்கமா இருக்கும்னு..." என்று இழுத்தான்.

எனக்கு உச்சந்தலையில் ஏறிவிட்டது. "ஏம்மா, நீ ஒரு நம்பரத் தட்டினா ஒரு படம், அவன் ஒரு நம்பரத் தட்டினா ஒரு படம். இதுல உன்னுது மட்டும் எப்படி நெஜம்?"

"என்னுதும் நெஜம் இல்லன்னுதான் செல்விக்கா சொல்றேன். சாதா நாள்ல மறுபடி அடிச்சுப் பாக்கணும்."

"ஒரு ஆணி குத்து, புடுங்கிச் சாக்கடைல போடறேன்!"

"போடுங்க. அடியில இருக்கறது மாறிடுமா?"

சொன்னபடியே செய்தேன். மறுநாள் அவள் ஆபீஸ் ஆட்கள் குத்தக் குத்த நான் பிடுங்கிக்கொண்டே போனேன். தெருவே என் பின்னால் நின்றது. அவள் வீட்டுக்குப் பால்காரனைப் போகவிடவில்லை. குழாயில் அவள் குடத்தை வரிசையில் சேர்க்கவில்லை. எழில்கூட, "நம்ம வீட்டையும் சேத்து இடிக்கச் சொல்றியா?" என்று கேட்டது சுவர் தாண்டி எனக்குக் கேட்டது. "ஆமா" என்றாள்.

அந்த வாரம் ஒரு காலையில் என் வீட்டுப் பாத்திரமெல்லாம் அலமாரியில் கிடுகிடுவென்று ஆடியது. இடிக்கவே வந்துவிட்டார்கள் என்று நினைத்து, தலையை முடிந்துகொண்டு ஓடினேன். அவள் வீட்டு வாசலிலிருந்து கூடம் வழியாக என் வீட்டுச் சுவர் வரை ஒரே நேர்கோட்டில் டைல்ஸைப் பெயர்த்து, ஆணிகளைக் குத்தி வைத்திருந்தாள். சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு அவளே சுத்தியலை ஓங்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கை இரண்டும் உரிந்திருந்தன.

"அடிப்பாவி, உனக்குப் பைத்தியமா?" என்று உள்ளே காலை வைத்தேன்.

"நடக்காதீங்க, உங்க காலும் பதியும். வாயையும் மூடுங்க."

என்ன திமிர்! ஆனால் என்ன கண்றாவியோ, நின்றுவிட்டேன். அவள் அடித்து முடிக்கிறவரை வாசற்படியில் ஒற்றைக் காலை உள்ளே வைத்தபடி, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு, மனசுக்குள்ளேயே திட்டித் தீர்த்தேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து படம் போட்டாள். மேலே சுத்தமான வெள்ளை. அதற்குக் கீழே ஒரு கருப்புக் கோடு வாசல் பக்கம் மேலாக ஆரம்பித்து, உள்ளே போகப் போக இறங்கி, என் வீட்டுச் சுவர் வருகிற இடத்தில் படத்தின் அடிக்கே போய்விட்டது. யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"இத அனுப்பாத" என்றேன். அவளிடம் அதுவரை நான் கெஞ்சியதில்லை. "உன் ஆபீஸ்ல கேக்கவே இல்லயே. கிழிச்சுப் போட்டுடு. உன் வீடும்தானே போவுது?"

"அனுப்பிட்டேன்கா" என்றாள்.

அடுத்து போலீஸ் காவலோடு தெரு முழுக்க அளந்தார்கள். மேல்வரிசை வீடுகளுக்கு அடியில் பாறை இல்லை, கீழ்வரிசைக்கு இருக்கிறது. அவ்வளவுதான், தெரு இரண்டாகிவிட்டது. முதல்நாள் வரை என்னோடு ஆணி பிடுங்கிய மண்ணாங்கட்டி அண்ணனுக்குக் கீழ்வரிசை. மனு கொடுக்கலாம் வாங்க என்று கூப்பிட்டேன். "உங்க பக்கம்தானேம்மா பிரச்சன" என்று சொல்லிவிட்டு ஆட்டோவை ஸ்டார்ட் செய்தார். தூ!

இப்போது வேங்கிக்காலுக்கு அந்தப் பக்கம் சர்க்கார் கொடுத்த வரிசை வீடு. அங்கேயும் சீட்டுக் குலுக்கி வீடு ஒதுக்கியதில் அவள்தான் என் பக்கத்து வீடு. கடை இல்லை. விடியற்காலை பஸ்ஸில் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போய் பாதையோரம் தரையில் உட்கார்ந்து விற்கிறேன். மூட்டு விட்டுப்போகிறது. இந்த வருஷமும் ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது, நல்ல மழையே பெய்தது. மலையிலிருந்து ஒரு கூழாங்கல் உருளவில்லை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். என் வீடு பூட்டுப் போட்டபடி ஜம்மென்று நிற்கிறது. வாசலில் யாரோ ஆட்டைக் கட்டியிருக்கிறார்கள்.

நேராக அவள் வீட்டுக்குப் போனேன். அண்டாவைத் தரையில் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்தன.

"நிக்குதுடி என் வீடு! கல்லு மாதிரி நிக்குது! இந்த வருசமும் வரல, அடுத்த வருசமும் வராது. நான் சாகிற வரைக்கும் வராது. அப்ப இன்னா பதில் சொல்வ?"

அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிவிட்டு நிதானமாக வாசலுக்கு வந்தாள்.

"வரலன்னா நல்லதுக்கா" என்றாள். "தெனமும் வந்து இப்படியே திட்டுங்க. திட்டறதுக்கு நீங்க இருக்கணும். அவ்ளோதான் எனக்கு."