வழவழப்பான நெற்றி

டிரைவிங் ஸ்கூலில் அவளை எல்லாரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி வண்டியில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இத்தனை வருஷத்தில் அவள் கால் அதைவிட்டு நகர்ந்ததே இல்லை. புதிதாக ஓட்ட வந்தவள் லாரிக்கு நேராக ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டு, "ஐயோ அக்கா!" என்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொள்வாள். வண்டி அதற்கு முன்பே நின்றிருக்கும். வெயிலில் கண்ணைச் சுருக்கிச் சுருக்கி அவள் புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் ஆழமாக விழுந்துவிட்டன. அதனால் சிரிக்கும்போதும் யாரையோ திட்டப்போகிறவள் மாதிரியே இருப்பாள்.

அந்தக் கோடுகள் அவள் நாத்தனாரின் கண்ணை உறுத்தின. அழகு நிலையம் வைத்திருப்பவளுக்கு யார் முகத்தைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும்.

"அண்ணி, உங்க மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு அடிவயிறு கலங்குது. சுருக்கம் போக ஒரே ஊசி, போட்டுக்கங்க. பத்து வயசு குறைஞ்சிடும்."

பிரேக் அக்காவுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. உட்கார்ந்தாள். ஊசி போடும் படிப்பு எதையும் நாத்தனார் படித்தவள் இல்லை. யாரோ போடுவதைப் போன் வீடியோவில் பார்த்திருந்தாள், அவ்வளவுதான். குளிர்ப்பெட்டியில் இருக்க வேண்டிய மருந்து கிரீம் டப்பாக்களோடு அலமாரியில் இருந்தது. அதன்மேல் ஒட்டியிருந்த சீட்டு யாருக்கும் தெரியாத பாஷையில் இருந்தது. அதுகூடப் போகட்டும். ஊசி போட்டு முடித்ததும் அவள் செய்த காரியம் இருக்கிறதே, அது மசாஜ் செய்து பழகிய கை மட்டுமே செய்யக்கூடியது. நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்தாள், வெந்நீர்த் துணியைப் போட்டாள், நெற்றியிலிருந்து புருவம் வரை கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டாள். அண்ணிக்குத் தூக்கமே வந்துவிட்டது.

அந்த வாரக் கடைசியில் வலது கண் இமை பாதிக்கு இறங்கி நின்றது.

தோல் டாக்டர் பார்த்த உடனே கேட்டார், "ஊசி போட்டதும் யாராவது தேய்ச்சாங்களா?"

"மசாஜ் பண்ணினா டாக்டர்."

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "இது நல்ல மருந்தும்மா. கண்ணு துடிக்கிறவங்களுக்கு, கழுத்து இழுத்துக்கிறவங்களுக்கு, தீராத தலைவலிக்காரங்களுக்கெல்லாம் நாங்களே போடுறோம். தசைய கொஞ்ச நாள் தளர வைக்கும். ஆனா எந்தத் தசைங்கிறதுதான் விஷயமே. போட்டதும் தேய்க்கக் கூடாது, கொஞ்ச நேரம் படுக்கவும் கூடாது. பரவினா இமையும் தளர்ந்திடும். நல்லவேளை, உங்களுக்கு இமையோட நின்னுச்சு. முழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமா இருந்தா ஒரு நிமிஷம்கூட வீட்ல இருக்காதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க."

"கண்ணு எப்ப திறக்கும்?"

"மருந்தோட வேகம் அடங்கினா தானா திறக்கும். சில மாசம்கூட ஆகலாம். அதுவரைக்கும் ஒரு சொட்டு மருந்து தர்றேன். விட்டா கொஞ்ச நேரத்துக்கு இமை தூக்கி நிக்கும், அப்புறம் இறங்கிடும்."

இதோடு நின்றிருந்தால் அவள் மன்னித்திருப்பாள். கை தவறியது, போகட்டும் என்று விட்டிருப்பாள். ஆனால் பழி தன்மேல் வரும் முன்பே நாத்தனார் முந்திக்கொண்டாள். "எங்க அண்ணிக்கு லேசா வாதம். பாவம், கண்ணை இழுத்துடுச்சு" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் ஊதிவிட்டாள். டிரைவிங் ஸ்கூல் முதலாளியின் மனைவி அவளிடம் வாடிக்கையாக வருகிறவள். விஷயம் முதலாளி காதுக்குப் போனது. "வாதம் வந்தவங்களை வண்டியில ஏத்தி நான் கம்பி எண்ணவா?" என்று அவர் பிரேக் அக்காவை வண்டியிலிருந்து இறக்கி மேஜை வேலையில் உட்கார வைத்தார். டாக்டர் சொன்னதை அவள் எடுத்துச் சொன்னாள். வேலை போகாமலிருக்க எதையோ சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கண் திறந்தாலும் இனி வண்டி கிடையாதாம்.

கண் போனால் திரும்பி வரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி போனால் யார் திருப்பித் தருவது? ஊசியால் வந்தது என்று நாத்தனார் வாயாலேயே சொல்ல வைக்கிறேன், அதுவரை எனக்குச் சோறு இறங்காது என்று கறுவினாள். சோறு என்னவோ இறங்கத்தான் செய்தது. கறுவல்தான் அடங்கவில்லை.

வேலை முடிந்ததும் தினமும் அழகு நிலையத்துக்குப் போய், வாசலுக்கு நேரான நாற்காலியில் தொங்கிய இமையோடு உட்கார்ந்தாள். சொட்டு மருந்து பையிலேயே கிடந்தது. வருகிறவர்கள் பார்க்கட்டும், பார்த்து ஓடட்டும். ஆனால் நாத்தனார் ஒவ்வொருத்தர் காதிலும் "வாதம்" என்று கிசுகிசுத்தாள். அவர்கள் 'உச்' கொட்டினார்கள். ஒரு புண்ணியவதி எண்ணெய் வைத்தியம்கூட சொல்லிவிட்டுப் போனாள். நாத்தனாருக்கு அண்ணிமேல் சந்தேகமும் இல்லை. அந்த நெற்றிதான் சுருங்கவே மாட்டேன் என்கிறதே! அண்ணிக்குள்ளே கொதிப்பது வெளியே தெரிய வழியில்லாமல் நாத்தனாரே ஊசி போட்டு அடைத்து வைத்திருந்தாள்.

வீட்டில் கணவர் கெஞ்சினார். "என் தங்கச்சிதானே, விட்டுடேன்."

"உங்க தங்கச்சியா இருக்கறதாலதான் உட்கார்ந்துட்டு மட்டும் வர்றேன்."

முதலாளியம்மா ஊசி போட்டுக்கொள்ள வரும் நாள் அவள் காதில் விழுந்தது. அன்றைக்கு முதல்முறையாகச் சொட்டு மருந்தை விட்டுக்கொண்டு போனாள். முதலாளியம்மா சாய்ந்து படுத்திருந்தாள். நெற்றியில் வெள்ளைப் பென்சில் புள்ளிகள். நாத்தனார் கையில் ஊசி.

"அண்ணி! கண்ணு திறந்துடுச்சே!" நாத்தனாருக்கு உண்மையிலேயே சந்தோஷம்.

"ஆமாம்மா, வாதம் இறங்கிடுச்சு" என்றாள் பிரேக் அக்கா, பரம சாதுவாக. "டாக்டர் ஒண்ணு சொன்னார். என் நெத்தி வழவழன்னு ஆனதும் வாதத்தாலதானாம். உன் மருந்து வேலையே செய்யலையாம், வெறும் தண்ணியாம்."

டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பொய்தான். அதற்காக அவள் பின்னால் வருத்தப்படவும் இல்லை.

முதலாளியம்மா தலையைத் தூக்கினாள். "தண்ணியா?"

நாத்தனாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என் மருந்தா வேலை செய்யல? நெத்தியில போட்டது கண் இமை வரைக்கும் இறங்கிப்போய் வேலை செஞ்சுதே! இத்தனை நாள் கண்ணு மூடிக் கிடந்தது எதனாலயாம்? அதான் இப்ப சரியாயிடுச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. முதலாளியம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்போ வாதம் இல்லையா?"

முதலாளியம்மா புள்ளிகளை முந்தானையால் அழுத்தித் துடைத்தபடியே வாசலுக்கு நடந்தாள். போனை எடுத்துப் புருஷனிடம் தெரு முழுக்கக் கேட்கிற குரலில் பேசினாள். "அந்தப் பொண்ணுக்கு வாதமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. இங்க ஊசி போட்டுக் கெடுத்து வச்சிருக்காங்க. கண்ணு முழுசா சரியானதும் அவளையே வண்டியில ஏத்துங்க." முறைக்காகக் காத்திருந்த இரண்டு பெண்களும் பைகளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

பிரேக் அக்கா தன் வழக்கமான நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். நாத்தனார் ஊசியைக் கீழே வைத்துவிட்டு அழுதாள். திட்டினாள். மறுபடி அழுதாள். இவள் எழுந்திருக்கவில்லை. சொட்டு மருந்தின் வேகம் குறையக் குறைய வலது இமை நாத்தனார் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கி, பழைய இடத்தில் வந்து நின்றது.

நாத்தனார் வாயைப் பிளந்தாள். பிறகு பக்கத்தில் வந்து அண்ணியின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தாள். நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லை.

"அண்ணி... எம்மேல கோவமா?"

"அங்க தேடாதே, தெரியாது" என்றாள் பிரேக் அக்கா. "நீ போட்ட ஊசியாச்சே. கோடு திரும்ப வரட்டும், அன்னிக்கு வந்து காட்டுறேன்."