பதினேழாம் பொசம் எங்கிருந்து வந்தது?

கோடை வந்தால் இங்கே டென்மார்க்கில் என் வயதுப் பெண்களின் இடது தோள் வழுவழுப்பாகத் தெரியும். என் ஊரான பருத்தித்துறையில் என் வகுப்பில் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு இல்லாத தோளே கிடையாது. இங்கே என் தழும்பைப் பார்த்து, "தீக்காயமா?" என்கிறார்கள்; சட்டைக்கையை இழுத்து மறைத்துக்கொள்வேன். விலங்குகளின் காசநோயை ஆராயும் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வாரம் செய்த காசநோய்த் தோல் பரிசோதனையில் என் கை வீங்கியது. தடுப்பூசி போட்டவர்களுக்கும் அப்படி வீங்கும்; ஆனால் படிவத்தில் வசிப்பிடம் மட்டுமே கேட்டிருந்தார்கள். நான் இருக்கும் புறநகரான இஷொய் என்று எழுதியிருந்தேன். எக்ஸ்ரே முடிவு வரும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். நான் தங்கியிருந்த வீட்டுச் சாந்தி அக்கா சிரித்தார்.

"மரநாய்க்குக் காசம் பாக்கப் போனவளுக்கே காசமெண்டு அனுப்பிப்போட்டாங்களோடி!"

"மரநாயில்லை அக்கா, பொசம். வயித்துப் பையிலை குட்டி காவுறது."

"எதெண்டாலும் தள்ளியிருந்து சாப்பிடு."

எக்ஸ்ரே சுத்தமாக வந்தது, வேலைக்குத் திரும்பினேன். நியூசிலாந்துக் காட்டுப் பொசங்களின் இரத்த அணுக்கள் எங்களுக்கு உறைநிலையில் வரும். காசநோய்க் கிருமியின் புரதத்தைச் சேர்த்து, அணுக்கள் பெருகுகின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பெருகினால், அந்த உடல் கிருமியையோ தடுப்பு மருந்தையோ முன்பே சந்தித்திருக்கிறது. தகுதிகாண் காலத்தின் கடைசி மாதத்தில், பதினேழாம் விலங்கின் அணுக்கள் வெகுவாகப் பெருகின. தடுப்பு மருந்து வைக்காத பள்ளத்தாக்கில் பிடிபட்டது என்றது பட்டியல். அப்படியானால் நோய் தொற்றியது என்று எழுதப் பேனாவை எடுத்தார் ஆய்வுகூடத் தலைவி மெட்டே. ஐம்பதைக் கடந்தவர்.

"பிடிபட்ட இடம்தானே இருக்கிறது? வந்த இடம் இல்லையே," என்றேன்.

"விலங்குக்காகப் பரிதாபப்படாதே."

"பரிதாபமில்லை. என் கையும் இப்படித்தான் வீங்கியது."

"சரி, கேட்டுப் பார். உன் சந்தேகம் பிழையென்றால் உன் மற்ற முடிவுகளையும் நான் திரும்பப் பார்க்க வேண்டும்."

தகுதிகாண் காலத்தில் அப்படி நடந்தால் வேலை நிலைக்காது என்று எனக்குத் தெரியும். நியூசிலாந்துக்கு நான்கு கேள்விகள் அனுப்பினேன்: காதுப் பட்டி எண், முதலில் பிடிபட்ட இடம், கொடுத்த மருந்து, நுரையீரலின் நிலை. மூன்றாம் நாள் பதில் வந்தது. பதினேழு அடுத்த பள்ளத்தாக்கில் வாய்வழித் தடுப்பு மருந்து பெற்று, பிறகு இடம்பெயர்ந்த விலங்கு. நுரையீரலில் ஒரு புண்ணும் இல்லை. அதன் உடல் நோயைக் காட்டவில்லை; மருந்தை மறக்காமல் இருந்தது.

மெட்டே இரண்டு முறை வாசித்தார். பிறகு கம்பளிச் சட்டையின் கழுத்தை இழுத்துத் தோளைக் காட்டினார். என்னுடையதைப் போலவே ஒரு வட்டத் தழும்பு.

"கல்மெற் ஊசி, காசநோய்க்குத்தான். பள்ளியில் வரிசையாக நிறுத்திக் குத்தினார்கள். மறந்தே போனேன்," என்றார். "திங்கட்கிழமை வா, நிரந்தர ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம்."

அன்று பட்டியலில் 'வந்த இடம்' என்று ஒரு நிரல் சேர்த்தேன். பதினேழுக்கு நேரே இரண்டு பள்ளத்தாக்குகளின் பெயர்கள். இஷொய் ரயிலில் இடது கையை உயர்த்திக் கம்பியைப் பிடித்தேன். அரைக்கைச் சட்டை சரிந்து தழும்பு தெரிந்தது. இறங்கும்வரை கையை மாற்றவில்லை.