தங்கச்சிக்கு நான் வாங்கிக் கொடுத்த வெள்ளைக் கிறீம்

என் தங்கச்சியின் முகத்தைக் கெடுத்தது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு கடைக்காரியையும் மாப்பிள்ளை வீட்டையும் நான் திட்டும்போது என்னை நல்லவள் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

உருத்திரபுரத்தில் எங்களுக்கு வயல். அம்மாவுக்கு ஏலாமல் போன பிறகு தங்கச்சிதான் வெயிலில் நின்றாள். இரண்டு கன்னத்திலும் மங்கு கறுப்பாகப் படர்ந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கனடா மாப்பிள்ளையின் பேச்சு வந்தது. சாதகம் நன்றாகப் பொருந்தியது, படம் கேட்டார்கள். நான் அடுத்த நாளே வவுனியாவுக்கு பஸ் ஏறி, ஒரு ஃபான்சி கடையில் சின்ன டப்பா ஒன்று வாங்கினேன். அதில் பெயரும் இல்லை, என்ன சேர்த்தார்கள் என்றும் இல்லை.

"மஞ்சளும் குங்குமப்பூவும்தான் அக்கா, வேற ஒண்டுமில்லை" என்றாள் கடைக்காரி. நாசமாய்ப் போவாள்!

பத்து நாளில் முகம் பளிச்சென்று வந்தது. ஸ்டூடியோவில் படம் எடுத்து அனுப்பினோம். அவர்களுக்குப் பிடித்துவிட்டது. மாப்பிள்ளை ஆவணியில் வருவதாகச் சொன்னார். மூன்றாம் மாதம் கன்னம் சிவந்து எரியத் தொடங்கியது. பூசுவதை நிறுத்தினால் முன்பிருந்ததைவிடக் கறுத்தது.

தோல் டொக்டர் டப்பாவைக் கண்டதும் தலையில் கை வைத்தார். "உதுகளுக்குள்ள ஸ்டீரொய்ட் கலந்திருக்கும், பாதரசமும் இருக்கும். தோலை மெல்லிசாக்கிப் போடும்." அசெலெய்க் அமிலம் உள்ள கிறீம் ஒன்றும், வெயிலுக்குப் பூசுகிற கிறீம் ஒன்றும் எழுதித் தந்தார். "கன மாதம் எடுக்கும். முழுக்கப் போகுமெண்டு சொல்லமாட்டன். வெயிலுக்குப் போகாதேங்கோ."

"வயலுக்குக் கூரை இல்லையே டொக்டர்" என்றாள் தங்கச்சி. அவர் சிரித்துவிட்டார். ஆவணிக்கு ஏழு கிழமைதான் இருந்தது.

மாப்பிள்ளையோடு வீடியோவில் கதைக்கும்போது ஃபில்டர் போடச் சொன்னேன். அவள் கேட்கவில்லை. யன்னலைத் திறந்து, வெளிச்சத்தில் முகத்தைக் காட்டி, நடந்ததை அப்படியே சொன்னாள். "பரவாயில்லை" என்றானாம். மூன்றாம் நாள் தரகர் வந்தார். சாதகம் பொருந்தவில்லையாம். பச்சைப் பொய்! அவர்களுடைய சாத்திரியாரே பார்த்துச் சரி சொன்ன சாதகம் அது.

ஒரு வருசம் டொக்டரின் கிறீமை ஒழுங்காகப் பூசினாள். எரிவு நின்றது, கறுப்பு நின்ற இடத்திலேயே நின்றது. இன்னும் இரண்டு பேச்சு வந்து, படம் போனதோடு முடிந்தது. போன மாதம் நான் மனம் கேளாமல் சொன்னேன்: "வைட்டமின் சி சீரம் எண்டு ஒண்டு நல்லதாம். வாங்கிப் பாப்பமே?"

அவள் வயலுக்குப் போடுகிற சேட்டின் நீளக் கைகளை இழுத்துவிட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். "என்ர முகம் வடிவு காணாதெண்டு முதல் சொன்னது ஆரக்கா? மாப்பிள்ளை வீட்டுக்காரரே? நீதானே. இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறாய்."

ஓம், நான்தான். அவள் தொப்பியைக் கொளுவிக்கொண்டு வயலுக்கு இறங்கிவிட்டாள். அதற்குப் பிறகு என்னோடு தேவைக்கு மட்டும்தான் கதைக்கிறாள்.