வசந்தாவை விசாரித்த ஞாயிறு

வசந்தா என்று ஒருத்தி உலகத்தில் இல்லை என்பது திருவள்ளூரில் இருந்த எங்கள் வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒன்று சித்தி, இன்னொன்று, பத்து வயதுப் பெண்ணான நான்.

சித்தப்பாவைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்து ஆறு வருஷமாகியிருந்த சித்தி, எழுபதுகளின் தொடக்கத்தில் ஒரு கோடை விடுமுறையில் வாரப் பத்திரிகைக்குக் கதை எழுதிப் பார்ப்பதென்று முடிவு செய்தாள். எழுதுவதற்கு முன் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவள் கட்சி. “அவ தனியா இருந்தா இன்னா துன்னுவா, எதுக்குப் பொய் சொல்லுவா, அல்லாம் நமக்குத் தெரிஞ்சிருக்கணும். கதையில வராட்டியும் தெரிஞ்சிருக்கணும்” என்பாள்.

மத்தியானம் அம்மா கண்ணயர்ந்ததும் நாங்கள் சமையலறையில் உட்கார்ந்து வசந்தாவை உண்டாக்குவோம். சித்தி அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவைப்பாள். அவளுக்குப் பாகற்காய் பிடிக்கும் என்று சொன்னது நான். கோபம் வந்தால் தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்ப்பாள் என்றது சித்தி. ஒருநாள் நான் அவளுக்கு நீச்சல் தெரியும் என்றேன். சித்தி கொஞ்சம் யோசித்துவிட்டு, “தெரியாது. தண்ணின்னாலே பயம். ஆனா பயம்னு சொல்லிக்கமாட்டா” என்று திருத்தினாள். அதைக் கேட்டதும் வசந்தா மூக்கும் முழியுமாக என் முன்னால் வந்து நின்றுவிட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நோட்டு சித்தப்பாவின் கையில் அகப்பட்டது.

சித்தப்பா கோர்ட்டில் குமாஸ்தா. அதிர்ந்து பேசமாட்டார். அன்றும் அதிரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. கூடத்தில் அப்பாவின் முன் நின்று நிதானமாகப் படித்தார். வயது இருபத்தாறு. குழந்தை இல்லை. வெள்ளிக்கிழமை காலை ரயில். கணவன் குளிக்கப் போனதும் கிளம்புவாள். பையில் இரண்டு புடவை, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்.

சித்திக்கும் இருபத்தாறு வயது. குழந்தை இல்லை.

“கதைக்குன்னு எழுதி வெச்சது” என்றாள் சித்தி.

“கதைன்னா ஆரம்பம் எங்க? முடிவு எங்க? இதுல ஒரு பொம்பளையோட ஜாதகந்தான் கீது.”

“மொதல்ல ஆளு. அப்பறமாத்தான் கதை.”

அப்படி ஒரு முறை இருப்பதாக யாரும் நம்பவில்லை. அவள் பிறந்த வீட்டுக்கு இன்றைக்கே கடிதாசி போடுவதாகவும், அவர்கள் வந்து கூட்டிக்கொண்டு போகட்டும் என்றும் சித்தப்பா அப்பாவிடம் சொன்னார். அப்பா தலையாட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“வசந்தாவ எனக்குத் தெரியும்!” என்று கத்திவிட்டேன்.

“அப்ப ரெண்டு பேரும் ஒண்ணையே சொல்றீங்களான்னு பாக்கறேன்” என்றார் சித்தப்பா. பிறகு சித்தியை அம்மாவோடு கிணற்றடிக்கு அனுப்பினார். ஒரு சாட்சி சொல்வதை இன்னொரு சாட்சி கேட்கக்கூடாதாம். நோட்டில் எழுதாத விஷயமாகப் பார்த்துக் கேட்டு, என் பதில்களைத் துண்டுக் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

“அவள நாய் தொரத்தினா இன்னா பண்ணுவா?”

“ஓடமாட்டா. அப்டியே நிப்பா.”

“யாராச்சும் ஏசினா?”

“அப்ப பேசமாட்டா. தனியா இருக்கச்ச பதில் சொல்லிக்குவா.”

“ஊட்ட உட்டுப் போனவ திரும்பி வருவாளா?”

“வரமாட்டா” என்றேன், யோசிக்காமல்.

சித்தியைக் கூப்பிட்டார்கள். நான் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. நாய் துரத்தினால் நிற்பாள் என்றாள் சித்தி. ஏசினால், பிறகு தனக்குத்தானே பதில் சொல்லிக்கொள்வாள் என்றாள். சித்தப்பாவின் பென்சில் இரண்டு முறை கோடு போட்டது. அப்பா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

மூன்றாவதாக, வீட்டை விட்டுப் போனவள் திரும்பி வருவாளா என்று கேட்டார். சித்தி சித்தப்பாவைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

“வருவா. சாயங்கால வண்டிக்கே வந்துடுவா.”

சித்தப்பா காகிதத்தை அவள் பக்கம் திருப்பினார். “வரமாட்டான்னு பாப்பா சொல்லுதே?”

சொன்னதை எப்படித் திரும்ப வாங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

“அது கொழந்தை. எழுதப்போறது நான்தான?” என்றாள் சித்தி. “அவ புருஷன் ஸ்டேஷன்ல வந்து நிப்பான். அவனப் பாத்ததும் அழுதுடுவா.”

சித்தப்பா காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “அப்ப அதையே எழுதி முடி. நானே தபால்ல சேத்துடறேன்” என்றார். அம்மா இலை போடப் போனாள்.

கதை அப்படியே எழுதப்பட்டு, பத்திரிகையிலும் வந்தது. சித்தப்பா அதைக் கோர்ட்டு முழுக்கக் காட்டினார். நான்தான் சித்தியோடு பேசவில்லை. எங்கள் வசந்தாவை அவள் கெடுத்துவிட்டாள் என்று ஆத்திரம். கதை வந்த நாலாம் நாள் எனக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தபோது கேட்டே விட்டேன்.

“அவ வரமாட்டா சித்தி. உனக்கே தெரியும்.”

“அவளுக்குப் போக எடமில்லடி.”

“கீதே! பெரம்பூர்ல அவ அக்கா ஊடு கீதுன்னு நீதான எழுதின?”

சித்தியின் கை பாதிப் பின்னலில் நின்றது. சித்திக்கு அக்கா கிடையாது. மறந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவிழ்ந்த தலையோடு ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து, அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் மடியில் வைத்தேன். அதைப் படித்துவிட்டு அவள் அழுதாள். தப்பைக் கண்டுபிடித்துவிட்டேனே என்றுதான் அழுகிறாள் என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.